வாடகை வருகிற வீட்டுக்கு ஆள் வராதது பற்றி

மனுதாரர்:
காலஞ்சென்ற சாமியப்பன் மனைவி செல்லாத்தாள்,
காப்பித் தோட்ட வீடு, பைல் நாடு,
கொல்லிமலை, நாமக்கல் தாலுக்கா, சேலம் ஜில்லா.

சமூகம்:
தாசில்தார் ஐயா அவர்கள்,
தாலுக்கா ஆபீஸ், நாமக்கல்.

விஷயம்: என் கோடை ஜாகை வீட்டுக்கு நானே தேர்ந்தெடுத்த சேலம் ஏஜெண்டு கம்பெனியை நீக்கி, காரவள்ளி சுப்பண்ணனை ஏஜெண்டாகப் பதிவு செய்யக் கோருவது.

கனம் பொருந்திய ஐயா அவர்களுக்கு,

மலைமேலிருந்து செல்லாத்தாள் கைகூப்பி எழுதிக்கொண்டது.

1. இந்த மனுவை என் கையாலேயே எழுதுகிறேன். தங்கள் ஆபீஸ் வாசலில் பெட்டி போட்டு உட்கார்ந்து மனு எழுதுகிறவரிடம்தான் முதலில் போனேன். விஷயத்தைக் கேட்டதும் அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். வாடகை வரவில்லை என்று எழுதச் சொல்லி எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள், வாடகை ஒழுங்காக வருகிறது என்று பராது கொடுக்க வந்தவள் நீ ஒருத்திதான் என்று சொல்லி, பக்கத்திலிருந்தவர்களையும் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தார். சிரிக்கட்டும். சேந்தமங்கலம் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு வரை படித்த எழுத்து எனக்குப் போதும். எழுத்தில் பிழை இருந்தால் ஐயா அவர்கள் பொறுத்துக்கொள்ளவேண்டும். விஷயத்தில் பிழை இல்லை.

2. என் புருஷன் குடும்பம் அடிவாரத்தில் சொந்தக் காடு வைத்துச் சோளம் விதைத்த குடும்பம். மலைமேல் காப்பி போட்டால் விளையும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு மேலே ஏறினார். காப்பி சுமாராகத்தான் விளைந்தது. வீட்டைத்தான் பெரிதாகக் கட்டினார். ஓடு, கதவு, ஜன்னல் கம்பி எல்லாம் தலைச்சுமையாகவே ஏறின. நாங்கள் இருக்க ஒரு பக்கம். எதிரே, அதே வாசலைப் பார்த்து, இரண்டு அறையும் தனிச் சமையற்கட்டுமாக இன்னொரு பக்கம். எங்களுக்குப் பிள்ளை இல்லை. இத்தனை அறை யாருக்கு என்று கேட்டேன். வெயில் காலத்தில் கீழே வெந்து சாகிறவர்கள் எத்தனை பேர், அவர்களெல்லாம் வருவார்கள் என்றார்.

3. வந்தார்கள். காரவள்ளியில் சுக்குக்காப்பிக் கடை வைத்திருக்கும் சுப்பண்ணன்தான் அனுப்புவார். மலையேறுமுன் கடையில் உட்காருகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்து, மேலே சாமியப்பன் வீட்டில் தங்குங்கள் என்று சொல்லி, சுமைக்கு ஆளும் பிடித்துக் கொடுத்து ஏற்றிவிடுவார். என்ன மாதிரி ஆள், எத்தனை உருப்படி என்றெல்லாம் பார்க்கமாட்டார். ஒரு வருஷம் நாடகக்காரர்களை அனுப்பிவிட்டார். ராஜா வேஷம் போடுகிறவர் விடிந்ததும் விடியாததுமாகத் தொண்டையைத் திறந்தால், அடுத்த ஊர் நாய்கள்கூட வந்து நின்று பதில் பாடின. இன்னொரு வருஷம் ஐந்து பெண் குழந்தைகளோடு ஒரு வாத்தியார் வந்தார். அதுகள் என் காப்பிப் பழத்தைப் பிஞ்சும் பழமுமாகப் பறித்துப் பல்லாங்குழி ஆடித் தீர்த்தன. ஒரு புருஷனும் பெண்சாதியும் வந்த நாளிலிருந்து சண்டை போட்டார்கள். ஊருக்குப் போகிற நாளில் சமாதானமாகி, அந்தப் பெண் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் எல்லோரையும் வைதுகொண்டேதான் இருந்தேன். அவர்கள் குழம்பு இந்தப் பக்கம் வரும், என் களி அந்தப் பக்கம் போகும். வந்தவர்களை வேடிக்கை பார்க்க ஊர் ஜனமும் வந்து வாசலிலேயே கிடக்கும்.

4. நாலு வருஷத்துக்கு முன் என் புருஷன் மலைக்காய்ச்சலில் தவறிவிட்டார். காரியம் முடிந்த கையோடு என் அண்ணன் சின்னமுத்து என்னைக் கீழே கூப்பிட்டார். அண்ணன் நல்லவர்தான். அவர் வீட்டில் எனக்குச் சோற்றுக்குக் குறைவு இருக்காது. ஆனால் அங்கே ஒரு சொம்பை எங்கே கவிழ்ப்பது என்பதைக்கூட எனக்கு இன்னொருவர் சொல்லவேண்டும். ஒண்டியாக ஒரு பொம்பளை மலைமேல் இருக்கலாமா என்றார். நான் ஒண்டி இல்லை, எதிர்ப்பக்கம் ஆள் வருகிறது, வாசல் நிறைய ஜனம் இருக்கிறது என்றேன். அவரும் இரண்டு நாள் தங்கிப் பார்த்துவிட்டு, சரி, ஆள் புழங்குகிறவரை இரு, என்றைக்கு ஆள் இல்லையோ அன்றைக்குக் கீழே வந்துவிடவேண்டும் என்று சொல்லிப் போனார். நானும் வீறாப்பாக ஒத்துக்கொண்டேன். ஆள் இல்லாமல் போகும் என்று யார் கண்டது?

5. போன வருஷம் சித்திரையில் தங்கள் ஆபீசிலிருந்து உத்தரவு வந்தது. யுத்த காலமானதால், வெளியாட்களைத் தங்க வைக்கும் மலை வீடுகளுக்கு, வந்துபோகிறவர்களைப் பற்றிப் பதில் சொல்லக்கூடிய ஏஜெண்டு ஒருவர் இருக்கவேண்டும், அவர் பெயரைத் தாலுக்கா ஆபீசில் பதிவு செய்யவேண்டும் என்று கண்டிருந்தது. உத்தரவு நியாயமானதுதான். யாரைப் போடுவது என்பதில்தான் என் புத்தி பிசகிற்று. சுப்பண்ணன் தானே இருக்கிறேன் என்றார். சேலத்தில் குளிர்வாச ஜாகை ஏஜென்சி என்று ஒரு கம்பெனி இருப்பதாகவும், பெரிய பெரிய பங்களாக்களை எல்லாம் அவர்கள் வாடகைக்கு விடுவதாகவும் அண்ணன் விசாரித்து வந்தார். இருவரும் போய்ப் பார்த்தோம். நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். தலைக்குமேல் மின்சார விசிறி சுற்றிற்று. சுப்பண்ணன் கடையிலானால், அவர் வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வருகிறவரை நின்றுகொண்டிருக்கவேண்டும். விசிறிக் காற்றில் உட்கார்ந்தால் யாருக்குத்தான் நிதானம் இருக்கும்?

6. அந்தக் கம்பெனி மேனேஜர் பதவிசானவர். கிணறு உண்டா, ஜன்னலுக்குக் கதவு உண்டா, டாக்டர் எவ்வளவு தூரம் என்றெல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில், அம்மாவுக்கு எப்படிப்பட்ட ஆள் வந்தால் பிடிக்கும் என்று கேட்டார். சுப்பண்ணன் என்னை ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. சத்தம் போடக்கூடாது என்றேன். பிள்ளைகள் தோட்டத்தில் இறங்கக்கூடாது. குடிக்கக்கூடாது. சுவரில் ஆணி அடிக்கக்கூடாது. வேளைகெட்ட வேளையில் கதவைத் தட்டி உப்பு இருக்கிறதா, புளி இருக்கிறதா என்று கேட்கக்கூடாது. வாடகை நாள் தவறக்கூடாது. எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, அப்படியே பிடித்துத் தருகிறோம் என்றார். ஐயா, சொன்ன சொல் தவறாத கம்பெனி அது. நான் கேட்டது அத்தனையும் கிடைத்தது. ஆள் மட்டும் வரவில்லை.

7. ஜாகை எடுத்தவர் சென்னைப் பட்டணத்துக்காரர். உத்தியோகமோ வியாபாரமோ, எனக்குத் தெரியாது. முகம் பார்த்ததில்லை. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று போன வருஷம் பட்டணத்து ஜனமெல்லாம் ஊர் ஊராக ஓடியபோது, அவரும் எட்டாத இடமாக ஒன்று தேடி, என் எதிர்ப்பக்கத்தை மூன்று வருஷத்துக்கு எடுத்துவிட்டார். ஆனால் மலையேறுகிற கஷ்டத்தை யாரோ சொல்லிப் பயமுறுத்தியதில், குடும்பத்தை முதலில் தஞ்சாவூர்ப் பக்கம் சொந்தக்காரர் வீட்டில் விட்டாராம். கலவரம் அடங்கினதும் அங்கிருந்தே பட்டணத்துக்குத் திரும்ப அழைத்துக்கொண்டு போய்விட்டாராம். இருந்தாலும் ஜாகையை விடுவதாக இல்லை. பட்டணத்தில் குண்டு விழுந்தால் வருவார், விழாதவரை வரமாட்டார், வாடகை மட்டும் வந்துகொண்டிருக்கும் என்று கம்பெனி குமாஸ்தா எனக்கு விளக்கிச் சொன்னார். இவரைவிட நல்ல குடித்தனக்காரர் இந்த ஜில்லாவிலேயே கிடைக்கமாட்டார் என்றும் சொன்னார்.

8. ஷரத்துப்படி எதிர்ப்பக்கம் எந்த நிமிஷமும் தயாராக இருக்கவேண்டும். வேறு யாரையும் அங்கே தங்க வைக்கக்கூடாது. சமையற்கட்டைப் புழங்கக்கூடாது. வெள்ளிக்கிழமைதோறும் பூட்டைத் திறந்து பெருக்குகிறேன். பாயை உதறி விரிக்கிறேன். பானைத் தண்ணீரை மாற்றுகிறேன். மண்ணெண்ணெய் கிடைக்காத இந்தக் காலத்தில் அவர் லாந்தரில் ஊற்றி வைத்துவிட்டு, நான் பொழுதோடு சாப்பிட்டுப் படுத்துவிடுகிறேன். ஒருவரும் ஒரு வாய் குடிக்காத தண்ணீரை வாரம் தவறாமல் கொட்டுவது எவ்வளவு கஷ்டமான வேலை என்று நான் எழுதினால் ஐயா அவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். ஐப்பசியில் மூட்டம் இறங்கி எதிர்ப்பக்கத்துக் கதவே தெரியாமல் போன ஒரு நாள், அங்கே போய் அந்தப் பாயில் நானே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். சும்மாதான். பிறகு உதறி விரித்துவிட்டு வந்தேன்.

9. ஆள் வராவிட்டால் போகிறது, ஊரார் இருக்கிறார்களே என்று ஐயா அவர்கள் கேட்கலாம். அங்கேதான் காரியம் கெட்டது. எங்கள் ஊரில் ஒரு வழக்கம். வெளியிலிருந்து ஒருவர் குடிவருவதாக ஊர்க்கவுண்டரிடம் வெற்றிலை பாக்கு மாற்றிவிட்டால், அன்றுமுதல் அந்த வாசல் அவருடையது. அவர் வந்து தம் கையால் அடுப்பு மூட்டி, அந்த அடுப்பிலிருந்து அக்கம்பக்கத்துக்கு ஒரு கங்கு எடுத்துக் கொடுக்கவேண்டும். அதற்குப் பிறகு எல்லோரும் தாயாய்ப் பிள்ளையாய்ப் புழங்குவார்கள். அப்படிக் கங்கு கொடுக்கும்வரை அந்த வாசலை ஊரார் ஒருவரும் மிதிக்கமாட்டார்கள். மிதித்தால் மிதித்தவருக்கும் ஆகாது, குடிவருகிறவருக்கும் ஆகாது, அந்த வாசலில் ஏற்கெனவே இருப்பவருக்கும் ஆகாது. முன்பு சுப்பண்ணன் அனுப்புகிறவர்கள் வந்து இறங்கியதும் சுமைக்காரரே அவர்கள் சார்பாக வெற்றிலை பாக்கை மாற்றிவிடுவார். அன்றைக்கே அடுப்பெரியும். இருட்டுவதற்குள் கங்கு நாலு வீடு போய்ச் சேர்ந்துவிடும். நாடகக்காரர்கள்கூடக் கொடுத்தார்கள்.

10. கம்பெனியார் எல்லாவற்றையும் முன்கூட்டியே செய்கிறவர்கள். ஆள் வருமுன்பே குமாஸ்தாவை டோலியில் ஏற்றி அனுப்பி, தேங்காய் பழத்தோடு ஊர்க்கவுண்டரிடம் பட்டணத்துக்காரர் பெயரால் வெற்றிலை பாக்கு மாற்றிவிட்டார்கள். இவ்வளவு மரியாதை தெரிந்த கம்பெனியா என்று நான் பூரித்துப்போய் அந்தக் குமாஸ்தாவுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். அவருக்கு வழக்கத்தில் பாதிதான் தெரியும். மீதி எனக்குத் தெரியும். நாளைக்கோ மறுநாளோ ஆள் வந்துவிடும் என்று வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டேன். இரண்டு பக்கத்துக்கும் வாசல் ஒன்று. பின்னால் பாறை, வேறு வழி கிடையாது. என் கதவுக்கு வருவதானாலும் அந்த வாசலைத்தான் மிதிக்கவேண்டும். அன்றோடு ஊரார் வருவது நின்றது. ஊர்க்கவுண்டரிடம் போய் முறையிட்டேன். வெற்றிலை கொடுத்தவர்கள் வந்து திருப்பி வாங்கிக்கொண்டால் வாசல் மறுபடி உன்னுடையது, இல்லாவிட்டால் நான் ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொல்லிவிட்டார்.

11. நான் அவர்கள் வீடுகளுக்குப் போகலாம். போகிறேன். உட்காரச் சொல்கிறார்கள், தின்னக் கொடுக்கிறார்கள். எத்தனை நாள்தான் நானே போவது? பேச்சு முடிந்து எழுந்தால் திரும்பி வருகிறவள் நான் ஒருத்திதான். வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரி இருசாயி முன்பெல்லாம் மத்தியானம் ஆனால் வந்துவிடுவாள். காப்பிக் கொட்டை பொறுக்கிக்கொண்டே ஊர்க் கதை பேசுவோம். இப்போது வேலியோரம் நின்று பேசிவிட்டு, பலாச்சுளையோ சாமைச் சோறோ கொண்டுவந்ததை வேலிமேல் வைத்துவிட்டுப் போகிறாள். ஒரு நாள் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஷரத்தாவது மண்ணாவது என்று, எதிர்ப்பக்கத்து அடுப்பில் நானே தீ மூட்டி, கங்கு ஒன்றை ஓட்டில் ஏந்திக்கொண்டு வேலிக்குப் போய் நீட்டினேன். இருசாயி கை நீட்டவில்லை. "அது உங்க நெருப்புங்க அக்கா. அவிங்க நெருப்பு இல்லீங்களே" என்றாள். சொல்லும்போது அவளுக்கும் கண் கலங்கிற்று. கங்கு ஓட்டிலேயே அவிந்துபோயிற்று.

12. மார்கழியில் எனக்குக் காய்ச்சல் கண்டது. எழுந்திருக்க முடியவில்லை. இருசாயி வேலியிலிருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டபடியே இருந்தாள். கஞ்சிக் கலயத்தை ஒரு நீள மூங்கில் நுனியில் கட்டி என் கதவை நோக்கி நீட்டினாள். பாதி வாசல்தான் எட்டிற்று. மீதிப் பாதிக்கு நான் தவழ்ந்து போனேன். அவள் மேல் குற்றமில்லை ஐயா. எனக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயந்துதான் அவள் மிதிக்கவில்லை.

13. இந்தச் செய்தி எப்படியோ அண்ணன் காதுக்குப் போய்விட்டது. போன மாதம் வந்தார். வாசலில் நின்று எதிர்ப்பக்கத்துப் பூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஆடிப் பதினெட்டுக்கு அறப்பளீஸ்வரர் கோயிலுக்கு வரும்போது சுமையாட்களோடு வருகிறேன், சாமானைக் கட்டி வை என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார். என் வாயால் ஒத்துக்கொண்டதைத்தான் அவர் கேட்கிறார். என்ன சொல்லி மறுப்பேன்?

14. இனி எழுதப்போவதை எழுதலாமா வேண்டாமா என்று நாலு நாள் யோசித்தேன். எழுதாவிட்டால் என் அவசரம் ஐயா அவர்களுக்குத் தெரியாது. பேளுக்குறிச்சிச் சந்தைக்குக் காப்பிக் கொட்டையோடு போயிருந்தேன். ஒரு கடைக்காரர் பத்திரிகையை உரக்க வாசித்தார். பட்டணத்துக்கு இப்போது பயமில்லை, ஓடிப்போனவர்களில் அநேகம் பேர் திரும்பிவிட்டார்கள் என்று வாசித்ததும் கூட்டத்துக்குச் சந்தோஷம். ஒருவர் மேலே பார்த்துக் கும்பிட்டார். நானோ, அடடா, அப்படியானால் வரமாட்டாரே என்று நினைத்தேன். நினைத்த பிறகுதான் என்ன நினைத்தேன் என்று உறைத்தது. பட்டணத்தில் எத்தனை குடும்பம், எத்தனை பச்சைக் குழந்தை. அவர்கள் தலைமேல் குண்டு விழுந்தாலாவது என் எதிரே ஒரு அடுப்பு எரியாதா என்று ஒரு வருஷமாகக் காத்திருந்திருக்கிறேன். கொட்டையைக் கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டு மலையேறினேன். வழிநெடுக என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது. நான் கெட்டவள் இல்லை ஐயா. வாய் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். வாசலில் ஆள் அரவமே இல்லாமல் கிடந்தால் யார் மனசும் இப்படி ஆகிவிடும் போலிருக்கிறது.

15. மறுவாரம் சேலம் போனேன். மேனேஜர் அதே மரியாதையோடு நாற்காலி போட்டார். சத்தம் ஏதாவது உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். சேதம் உண்டா என்றார். இல்லை. பாக்கி உண்டா என்றார். இல்லை. பிறகு என்னம்மா குறை என்றார். ஊரையே வாயால் மேய்க்கிற நான், ஏஜெண்டு பெயரை மாற்றிக்கொள்ளவேண்டும் என்று மட்டும் சொன்னேன். தாலுக்கா ஆபீசில் பதிவான பெயரைத் தாசில்தார் உத்தரவு இல்லாமல் மாற்ற முடியாது, உத்தரவு வந்தால் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று சொல்லி அனுப்பினார். அவர்மேல் எனக்குப் பராது கிடையாது. சொன்ன வேலையைச் செய்தார். பட்டணத்துக்காரர்மேலும் கிடையாது. பிள்ளைகுட்டிக்காரராக இருப்பார், பயப்படத்தானே செய்வார்.

16. சுப்பண்ணனுக்கு ஆபீஸ் இல்லை, அவர் எதையும் ஒழுங்காகச் செய்யமாட்டார் என்பது உண்மை. யுத்த காலத்தில் இப்படிப்பட்டவரை நம்பலாமா என்று ஐயா அவர்கள் யோசிக்கலாம். இந்தப் பக்கமாக மலையேறுகிறவர்கள் அவர் கடையைத் தாண்டித்தான் வரவேண்டும். எந்த ஊர், யார் மகன், எதற்கு வந்தாய், உன் மாமனார் என்ன செய்கிறார் என்று கேட்காமல் அவர் யாருக்கும் காப்பி ஊற்றுவதில்லை. போலீசாருக்கு வேண்டிய விவரம் அதில் இருக்கும். அவரை விட்டுவிட்டு நான் சேலத்துக்குப் போனதில் அவருக்கு வருத்தம்தான். அவர் கடையைத் தாண்டும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். போன வாரம் நானாகவே போய் நின்றேன். உத்தரவு வந்தால் மறுநாளே ஆள் அனுப்புகிறேன் என்றார். என்ன மாதிரி ஆள் என்று நான் கேட்கவில்லை.

17. ஆகையால் ஐயா அவர்கள் தயவுசெய்து, ஆடி பிறப்பதற்குள், மேற்படி கம்பெனியின் பெயரை நீக்கி சுப்பண்ணன் பெயரைப் பதிவு செய்யவும், கம்பெனியார் தங்கள் குமாஸ்தாவை அனுப்பி ஊர்க்கவுண்டரிடம் வெற்றிலை பாக்கைத் திருப்பி வாங்கிக்கொள்ளவும் உத்தரவிடவேண்டும். சட்டத்தில் அதற்கு இடமில்லையானால், அந்தப் பட்டணத்துக்காரருக்காவது ஒரு கடிதம் போடச் சொல்லவேண்டும். குண்டு விழாமலே வரலாம் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். ஒரே ஒரு நாள் வந்து, அடுப்பு மூட்டி, கங்கு எடுத்துக் கொடுத்துவிட்டுப் போகட்டும். மறுபடி வராவிட்டாலும் சரி. ஊரார் என் வாசலுக்கு வந்துவிடுவார்கள், நான் இங்கேயே இருந்துகொள்வேன்.

18. உத்தரவு சாதகமானாலும் பாதகமானாலும், அதைத் தபாலில் போடாமல், தங்கள் ஆபீஸ் சேவகர் ஒருவர் கையில் கொடுத்தனுப்பும்படி மிகவும் கேட்டுக்கொள்கிறேன். அவர் வெளியூர்க்காரர், வாசலை மிதிக்க அவருக்குத் தடை இல்லை. வருகிற நாளை முன்கூட்டிச் சொல்லவேண்டியதில்லை. தினமும் இரண்டு பேருக்குத்தான் சமைக்கிறேன்.

பைல் நாடு, கொல்லிமலை.
1943ம் வருஷம் மே மாதம் 24 தேதி.

உத்தரவை எதிர்பார்த்திருக்கும்,
சா. செல்லாத்தாள்
(என் கையெழுத்து)